விதி ஏடும் மதி ஏடும்

தலையெழுத்து என்கிறார்கள். நெற்றியைத் தொட்டுக் காட்டி, "அவன் எழுதியபடிதானே நடக்கும்?" என்கிறார்கள். சரி, எழுத்தென்றே வைத்துக்கொள்வோம். எழுதியவன் யார்? எந்த ஆண்டில் எழுதினான்? எழுதியதைப் படித்தவர் எவர்? பிழை இருந்தால் திருத்த வழி உண்டா? இந்த நான்கு கேள்விகளில் ஒன்றுக்கேனும் விடை சொல்ல வந்தாரில்லை. விடையற்ற அந்த ஏட்டைத்தான் நோய் வந்தபோதெல்லாம் நம் மக்கள் புரட்டுகிறார்கள். புரட்டி முடிக்குமுன் பாடை புறப்பட்டுவிடுகிறது.

இன்னொரு வகை ஏடு உண்டு. அதில் எழுதியவன் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், எதைக் கண்டேன், எப்படிக் கண்டேன், எத்தனை பேரிடம் கண்டேன் என்ற கணக்கு இருக்கும். "நம்பு" என்று அது கட்டளையிடாது. "நீயும் செய்து பார், பொய்யானால் மறுத்து எழுது" என்று அறைகூவும். அதுவே ஆய்வேடு. ஓர் ஆராய்ச்சியாளன் வாழ்ந்து சாதித்தது என்ன என்று கேட்டால், அவன் வெளியிட்ட கட்டுரைகளின் வரிசையை எடுத்துக்காட்டுவார்கள். வெறும் பெயர்ப்பட்டியல்தானே என்று சிலர் எண்ணக்கூடும். அந்தப் பட்டியலுக்குள் எத்தனை உயிர்களின் கதை இருக்கிறது என்பதை ஒரே ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

வாய்விட்டுப் பெயர் சொல்லவே நம்மவர் கூசுகின்ற நோய் அது. பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது புதிதாக வந்தது. 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அது கொண்டுபோயிற்று. மேலை நாடுகளை நோக்க இந்தியாவில் இதன் விகிதம் குறைவுதான். ஆயினும் இங்கே வருகிறவர்களில் பலர் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். ஏன்? மலத்தில் குருதி கண்டால் வெளியே சொல்ல வெட்கம். சொன்னாலும், "சூடு" என்று ஒருவர், "மூலம்" என்று ஒருவர். நமது உப்பளத்திலாகட்டும், தமிழகத்தின் எந்த ஊரிலாகட்டும், சுவரைப் பார்த்தால் போதும்: மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் அறுவையில்லாமல் மருந்து என்று சுவரொட்டி கூவுகிறது. அந்தச் சுவரொட்டியை எழுதியவனும் தலையெழுத்தை எழுதியவனைப் போலவே, கேள்விக்கு விடை சொல்லாதவன்!

சுந்தராம்பாளின் சாவு

தமிழகத்தில் இந்த நோயின் வரலாறு ஒரு பெண்ணின் சாவிலிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் சுந்தராம்பாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தங்கை. அவருக்கு வந்தது மலக்குடல் புற்றுநோய். முதலில் அதைச் சீதபேதி என்று கருதினார்கள். சீதபேதிக்கே மருந்து கொடுத்தார்கள். உண்மை விளங்கியபோது காலம் கடந்துவிட்டது. தமக்கை மருத்துவர், அதுவும் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்த மருத்துவர். அவராலும் தங்கையைக் காக்க முடியவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். முத்துலட்சுமி அம்மையார் 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி குலம் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பத்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைக் கடவுள் எழுதிய எழுத்து என்றது அந்நாளைய சமுதாயம். "கடவுள் எழுதவில்லை, மனிதன் எழுதினான், மனிதனே அழிக்கலாம்" என்பதைச் செயலில் காட்டினார் அம்மையார். சட்டமன்றத்துக்குள் நுழைந்து போராடினார்; 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. ஒரு விதியை ஒழிக்கப் புறப்பட்டவர், தங்கையைக் கொன்ற நோயை மட்டும் விதி என்று விட்டுவிடுவாரா?

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே, புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை அவர் எடுத்துவைத்தார். கேட்டவர் பலர்; கை கொடுத்தவர் சிலர். வந்தால் சாவுதான் என்றிருந்த நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்பதே அன்றைய பொது மனநிலை. இந்திய மாதர் சங்கத்துப் பெண்கள் நிதி திரட்டினார்கள். 1952இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மருத்துவமனை திறந்தது. படுக்கைகள் எத்தனை? வெறும் 12! அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள்தான் நம் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் பிடி தளர்ந்து, நிருவாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒரே ஆண்டில் அங்கே ஒரு விடியல், இங்கே ஒரு விடியல்.

அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்த 12 படுக்கைகளைக் கொண்டு என்ன செய்தார்கள்? மருந்து கொடுத்தார்கள், கதிர் பாய்ச்சினார்கள், கூடவே எழுதினார்கள்! படுக்கையில் கிடந்த ஏழையிடம், என்ன மென்றாய், எத்தனை ஆண்டு மென்றாய் என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். வாய்ப் புற்றுநோயின் காரணங்களைப் பற்றி இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1959இலேயே பிரிட்டிஷ் புற்றுநோய் ஆய்விதழில் வெளிவந்தது. 1963இல் அதன் தொடர்ச்சி வந்தது. தொடங்கி ஐந்தே ஆண்டுகள்! செல்வச் செழிப்பில்லை, பெரும் ஆய்வுக்கூடமில்லை. ஏழையின் வாய்மொழியை ஏடாக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துப் புற்றுநோய்ப் பதிவேடு அதே அடையாற்று நிறுவனத்தில் உருவானது. எந்த உறுப்பில், எத்தனை பேருக்கு, எந்த வயதில் என்று கணக்கு எழுதும் பதிவேடு அது. சித்திரகுப்தன் கணக்கு நாம் பார்த்ததில்லை. இந்தக் கணக்கை எவரும் பார்க்கலாம்.

தையற்காரி சொன்ன சொல்

இனிக் கடல் கடந்து செல்வோம். ஒரு குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராகக் குடற்புற்றால் மாண்டால், "குலசாபம்" என்பார்கள் நம் ஊரில். அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருந்தன.

1895ஆம் ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியல் அறிஞர் ஆல்டிரெட் வார்த்தின். அவருக்குத் தெரிந்த ஒரு தையற்காரி ஒருநாள் மனம் சோர்ந்து சொன்னாள்: என் வீட்டார் எல்லாரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் இளமையிலேயே அப்படித்தான் சாவேன் என்று. அவள் சொன்னது பலித்தது. கருப்பைப் புற்றால் அவள் மாண்டாள்.

சோதிடன் கேட்டிருந்தால் பரிகாரம் சொல்லிப் பணம் பறித்திருப்பான். வார்த்தின் குறிப்பேட்டை எடுத்தார். அவள் தாத்தா யார், பாட்டி யார், யாருக்கு எந்த வயதில் எந்த நோய் என்று குடும்ப மரத்தை வரைந்தார். 1913இல் வெளியிட்டார். 'ஜி குடும்பம்' என்று ஆய்வுலகம் அதை இன்றும் அழைக்கிறது. தையற்காரியின் பெயர் ஏட்டில் இல்லை. அவள் சொல் இருக்கிறது.

அரை நூற்றாண்டு உருண்டது. 1960களின் தொடக்கத்தில் நெபிராஸ்கா மாநிலத்தில் ஹென்றி லிஞ்சு என்னும் இளம் மருத்துவரிடம் ஒரு குடிகாரர் வந்தார். ஏன் குடிக்கிறாய் என்றால், எங்கள் வீட்டில் எல்லாரும் குடற்புற்றால்தான் சாகிறார்கள், நானும் சாகத்தானே போகிறேன் என்றார். மீண்டும் அதே விதிப் பேச்சு! லிஞ்சும் குடும்ப மரம் வரைந்தார். இரண்டு பெருங்குடும்பங்களின் வரலாற்றை 1966இல் வெளியிட்டார். புற்றுநோய்க்குச் சூழலே காரணம், பரம்பரை என்பது வீண்பேச்சு என்று அந்நாளைய பேரறிஞர் பலர் கருதினார்கள். அவர் கேட்ட ஆய்வுநிதி திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டது. அவர் ஓயவில்லை, வார்த்தினின் பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து, ஜி குடும்பத்தின் பேரப்பிள்ளைகளைக் கண்டு, 1971இல் மீண்டும் எழுதினார்.

பிறகு வந்தது மூலக்கூறு உயிரியலின் காலம். 1993இல் அந்தப் பரம்பரைக் குற்றத்துக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்று பிடிபட்டது; 1994இல் இன்னொன்று. 2000ஆம் ஆண்டில், தையற்காரி பிறந்த அதே ஜி குடும்பத்தின் மரபணுவில் குறை எந்த இடத்தில் இருக்கிறது என்றே கண்டுபிடித்துவிட்டார்கள். 1895இல் ஒரு பெண் விட்ட பெருமூச்சு, 105 ஆண்டுகளுக்குப் பின் ஓர் எழுத்துப் பிழையாகத் துலங்கிற்று! இடையிலே வார்த்தினும் மாண்டார், அவர் மாணவரும் மாண்டனர். ஏடு மட்டும் சாகவில்லை.

மெய்ப்புத் திருத்தாத பிழை

எழுத்துப் பிழை என்றோம். உவமைக்காகச் சொன்ன சொல்லே உண்மைக்கும் நெருக்கமானது. ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளைக் கொண்ட ஒரு வாசகம் இருக்கிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அவ்வளவையும் படியெடுக்க வேண்டும். அச்சகத்தில் அச்சுக்கோப்போர் கை தவறுவதுபோல் அங்கும் பிழை நேரும். அதைப் பார்த்துத் திருத்த மெய்ப்புத் திருத்துநர்போல் சில புரதங்கள் உள்ளன. அவை எப்படித் தவறான எழுத்தை வெட்டிச் சரியானதைப் பொருத்துகின்றன என்று விளக்கிய பால் மோட்ரிச், 2015இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஜி குடும்பத்தாருக்கு இருந்த குறை இதுதான்: மெய்ப்புத் திருத்துநரை உருவாக்கும் மரபணுவே பழுது. பிழை பெருகிற்று, பெருகிய பிழை புற்றாயிற்று.

பரம்பரைக் குறை இல்லாதவர்க்கும் குடற்புற்று வருகிறதே, அது எப்படி? அதை விளக்கியது 1990இல் பியரானும் வோகல்ஸ்டைனும் வெளியிட்ட கட்டுரை. குடலின் உட்சுவரில் பாலிப் எனும் சிறு சதைமுளை முதலில் எழுகிறது. ஒரு மரபணு கெட்டால் முளை. மற்றொன்று கெட்டால் அது பெருக்கிறது. மேலும் சில கெட்டால் புற்று. படிப்படியாக ஏறும் ஏணி அது. முதற் படியில் நிற்கும் ஏ.பி.சி. என்ற மரபணு 1991இல் அடையாளம் காணப்பட்டது. இந்த ஏணியை ஏறி முடிக்கப் பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன.

தோழர்களே, இந்தப் பத்தாண்டு என்ற சொல்லின் பொருளை எண்ணிப் பாருங்கள்! விதி என்றால் ஒரு நொடியில் விழும் இடி. இதுவோ பத்தாண்டு அவகாசம் கொடுத்து வரும் பகை. இடையில் எந்தப் படியிலும் மறிக்கலாம். மலத்தில் மறைந்திருக்கும் குருதியைச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம்; கொலனாஸ்கோப்பி என்னும் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்து, முளையிலேயே கிள்ளிவிடலாம். இலண்டன் அறிஞர் கத்பெர்ட் டியூக்சு 1932இலேயே மலக்குடற் புற்றைப் படிநிலைகளாகப் பகுத்து, சுவருக்குள் அடங்கியிருக்கும்போது அறுத்தவர் பெரும்பாலும் பிழைக்கிறார், சுவரைத் தாண்டிய பின் வந்தவர் அவ்வாறு பிழைப்பதில்லை என்று கணக்கிட்டுக் காட்டினார். பிழைப்பதும் சாவதும் நாள்பார்த்த பஞ்சாங்கத்தில் இல்லை. நாம் மருத்துவரிடம் போகும் நாளில் இருக்கிறது.

உடன்பிறந்தாரை இழந்த இன்னொருவர்

முத்துலட்சுமி அம்மையார் படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் பிற்காலத்தில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரும் உடன்பிறந்தார் இருவரைக் குடல்நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். ஸ்புரூ என்பது அதன் பெயர். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் கீழ்நிலைச் சான்றிதழோடு வெளியேறினார். அமெரிக்கா சென்றார். அங்கே அவர் தலைமையில் இயங்கிய குழு 1945இல் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டியது. ஸ்புரூ நோய்க்கே அது மருந்தாயிற்று! அதன் வழியே பிறந்த மருந்துகள்தாம் குழந்தைகளின் குருதிப் புற்றை முதன்முதல் தணியச் செய்தவை. 1948இல் அவர் மாண்டார்.

1957இல் ஹைடல்பெர்கர் குழுவினர் புளோரோயூராசில் என்ற மருந்தை வெளியிட்டனர். குடற்புற்றுக்கு இன்றும் அடிப்படை மருந்து அதுவே. அதன் வலிமையைக் கூட்டத் துணையாகத் தருவது எது தெரியுமா? போலிக் அமிலத்தின் நெருங்கிய உறவான போலினிக் அமிலம்! சுப்பாராவின் பெயரை அறியாத நோயாளியின் குருதியிலும் அவருடைய உழைப்பின் வழித்தோன்றல் ஓடுகிறது. முழுப் பட்டம் மறுத்தவர்களால் அந்த உழைப்பை மறைக்க முடிந்ததா?

2022இல் நியூயார்க்கிலிருந்து ஒரு சிறு கட்டுரை வந்தது. மெய்ப்புத் திருத்தும் மரபணு பழுதான மலக்குடற் புற்று நோயாளிகள் 12 பேர். உடலின் தற்காப்புப் படையைத் தூண்டிவிடும் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். கத்தியில்லை, கதிரில்லை. 12 பேரிடமும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. அடையாற்றின் 12 படுக்கைகள் நம் நினைவுக்கு வருகின்றன. சுந்தராம்பாளின் நோயும் மலக்குடற் புற்றுதானே! ஆனால் மயங்கிவிடக் கூடாது. மலக்குடற் புற்றில் இந்த வகை மிகச் சிறு பகுதி. மருந்தின் விலையோ ஏழையின் வாழ்நாள் வருவாயை விழுங்கக்கூடியது. கண்டுபிடிப்பு அறிவின் வெற்றி. அது எளியவன் வாயிலுக்கு வந்து சேர்வது அரசியலின் கடமை.

தவறும் ஏடு, திருந்தும் ஏடு

"உங்கள் விஞ்ஞானமும் தவறுகிறதே!" என்று குறுக்கே வருவார் பழமைவாதி. ஆம், தவறுகிறது. டென்மார்க்கு அறிஞர் பிபிகர், எலியின் இரைப்பையில் புழுவால் புற்று வருகிறது என்று எழுதினார். 1926ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசையே அதற்குக் கொடுத்தார்கள். பின்வந்தோர் செய்து பார்த்தார்கள். அவர் முடிவு நிலைக்கவில்லை. நோபெல் பரிசு வாங்கிய முடிவையே தள்ளிவிடும் துணிவு ஆய்வுலகத்துக்கு இருக்கிறது. மனுவின் ஏட்டில் ஒரு வரியைத் திருத்த இவர்கள் இசைவார்களா? எழுதி, வெளியிட்டு, திருத்திக்கொள்ளும் ஏட்டுக்கும், எழுதியவனையும் காட்டாமல் திருத்தவும் விடாத ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மரபணு என்றதும், "பார்த்தீர்களா, எல்லாம் பிறப்பில்தானே இருக்கிறது?" என்று பழைய சரக்கைப் புதுப் பையில் கட்டிக் கொண்டுவருவார்கள். பரம்பரையின் பெயரால் இனத்தூய்மை பேசி மேலை நாடுகளில் நடந்த கொடுமைகளை உலகம் மறக்கவில்லை. குடற்புற்று நோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 3 பேருக்குத்தான் லிஞ்சு கண்ட பரம்பரைக் குறை உண்டு. அந்தக் குறை சாதி பார்த்து வருவதில்லை. அறிந்துகொண்டால் தப்பவும் வழி இருக்கிறது. பிறப்பிலே குறை இருப்பதைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களை ஒதுக்கி வைக்கவில்லை. முன்கூட்டியே சோதித்துக் காப்பாற்றுகிறார்கள். பிறப்பைக் காரணம் காட்டி ஒதுக்கியது வருணம். பிறப்பின் குறையை அறிந்து காப்பது அறிவியல். அம்பேத்கர் பெயர் தாங்கிய சாலை ஓடும் உப்பளத்தில் வாழும் நாம் இதை மறக்கலாமா?

நாம் செய்ய வேண்டுவது

புதுச்சேரிக்கு மருத்துவக் கல்வி புதிதன்று. 1823இலேயே பிரெஞ்சு ஆட்சியில் இங்கே மருத்துவப் பள்ளி தோன்றியது. அந்த மரபின் தொடர்ச்சியாக 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியும், 1964இல் அதுவே சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனமாகவும் ஆயிற்று. மக்கள் வாயில் அது ஜிப்மர். வட்டாரப் புற்றுநோய் மையமும் அங்கே இருக்கிறது. உப்பளத்திலிருந்து கோரிமேட்டுக்குப் பேருந்தில் போய்விடலாம். தொலைவு வழியில் இல்லை, வெட்கத்தில் இருக்கிறது!

ஆகவே, இளைஞர்களே, மேடையில் விதியை மறுத்துப் பேசுவதோடு நம் பணி முடிந்துவிடாது. வீட்டில் தந்தைக்கோ தாய்க்கோ மலத்தில் குருதி கண்டால், மலம் கழியும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தால், காரணமின்றி உடல் மெலிந்தால், "மூலமாக இருக்கும்" என்று சுவரொட்டியின் சொல்லைக் கேட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது எளிய நோயாகவே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் சோதித்துப் பார்த்த மருத்துவர். குடும்பத்தில் இளவயதில் குடற்புற்றோ கருப்பைப் புற்றோ வந்தவர் உண்டானால், யாருக்கு, எந்த வயதில் என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். வார்த்தின் செய்ததும் அதைத்தான். லிஞ்சு செய்ததும் அதைத்தான். படித்த இளைஞன் ஒருவன் தன் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய முதல் ஆராய்ச்சி அது.

பெயரில்லாத் தையற்காரி சொன்னாள், ஒருவர் எழுதினார். குடிகாரர் சொன்னார், ஒருவர் எழுதினார். சுந்தராம்பாளின் வேதனை மருத்துவமனையாயிற்று. சொல்லப்படாத நோயை எவராலும் எழுத முடியாது. எழுதப்படாத நோயை எவராலும் வெல்ல முடியாது. வெட்கத்தை விட்டுச் சொல்வோம். சொன்னதை எழுதுவோம். விதியின் ஏட்டை மூடி, மதியின் ஏட்டைத் திறப்போம்!